தடை மட்டும் போதுமா?

போர் என்று வந்துவிட்டால் நியாயம் ஏது என்பார்கள். ஆனாலும் போருக்கும் வரம்பு வேண்டும் என்று உலக நாடுகள் நெடுங்காலமாக முயன்று வருகின்றன. விஷ வாயுவின் கதையே அதற்குச் சான்று.

1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. பதுங்கு குழிகளில் இருந்த வீரர்கள் மூச்சுத் திணறி மாண்டனர். 1925இல் ஜெனீவாவில் உருவான ஒப்பந்தம், போரில் விஷ வாயுவைப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆனால் தயாரிக்கவோ சேர்த்து வைக்கவோ தடை இல்லை. கிடங்கைத் திறந்து பார்க்க யாருக்கும் அதிகாரமும் இல்லை. அந்த ஒப்பந்தத்தை ஏற்றிருந்த ஈராக்கே 1988 மார்ச்சில் ஹலப்ஜா ஊரின் மீது விஷ வாயுக் குண்டுகளை வீசியது. குர்து மக்கள் ஆயிரக்கணக்கில், குழந்தை குட்டிகளோடு மடிந்தனர்.

இந்தக் குறையை நீக்க வந்ததே 1993ஆம் ஆண்டின் இரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம். அது 1997இல் நடைமுறைக்கு வந்தது. கையிருப்புக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதை அழிக்க வேண்டும். ஆய்வாளர் வந்தால் கதவைத் திறக்க வேண்டும். நம் நாடு தன் கையிருப்பை அறிவித்து, 2009இல் அழித்து முடித்தது. 2023இல் அமெரிக்காவும் முடித்ததோடு, உலகில் அறிவிக்கப்பட்ட கையிருப்பு முழுவதும் தீர்ந்தது.

சோதனை இராணுவத்தோடு நிற்பதில்லை. சாயத்துக்கும் பேனா மைக்கும் பயன்படும் தயோடைகிளைக்கால், மஸ்டர்ட் வாயுவுக்கும் மூலப்பொருள். ஆகவே சாதாரண இரசாயன ஆலைகளுக்கும் ஆய்வாளர்கள் வருகிறார்கள். அத்தகைய ஆலைகளில் பணிபுரியும் நம்மவர்கள் நாள்தோறும் எழுதும் இருப்புக் கணக்கும் உலக அமைதிக்கு ஒரு காவல்தான்.

ஒப்பந்தத்தில் 2013இல் சேர்ந்த சிரியாவிலேயே 2017இல் சாரின் வாயு உயிர் குடித்தது என்பதும் உண்மை. பூட்டு இருந்தால் மட்டும் போதாது. காவலும் ஓயக் கூடாது.