கோணல் தையலின் கணக்கு

பேரனின் டி-ஷர்ட் கழுத்துத் தையல் மூன்று முறை அறுந்தது. "என் கை போய்விட்டது" என்று என் மனைவி மிஷினை மூடி வைத்துவிட்டாள். நாற்பது வருஷம் தைத்த கை! ரயில்வேயில் பழுது என்றால், ஆளைக் குறை சொல்லுமுன் காரணத்தைத் தேடுவோம். அப்படித் தேடினேன். குற்றம் கையில் இல்லை, நேர்த்தையலில் இருந்தது.

பனியன் துணி இழுத்தால் நீளும். நேராக ஓடும் நூல் நீளாது, அறுந்துவிடும். ஜிக்ஸாக் தையலில் நூலுக்குக் கையிருப்பு உண்டு. ஒவ்வொரு குத்துக்கும் துணி 1 மி.மீ. முன்னே நகர, ஊசி 2 மி.மீ. பக்கவாட்டில் போனால், பிதாகரஸ் கணக்குப்படி நூலின் நீளம் சுமார் 2.2 மி.மீ. துணி இழுபடும்போது கோணல் நிமிர்ந்து, உபரி நூல் ஈடுகொடுக்கும். இவ்வகைத் தையல் இயந்திரத்துக்கு 1873-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஹெலன் பிளாஞ்சார்ட் என்ற பெண்மணி.

எங்கள் மிஷினில் ஜிக்ஸாக் குமிழ் இருந்தும் நாங்கள் தொட்டதில்லை. உங்கள் வீட்டிலும் இருந்தால், பழந்துணியில் முதலில் பழகுங்கள்.

ஓரம் பிரியாமலிருக்க: அகலம் 4, நீளம் 2 மி.மீ. வலப்பக்கக் குத்து விளிம்புக்குச் சற்று வெளியே விழட்டும்.

துணிப்பூ வைத்துத் தைக்க: அகலம் 3, நீளம் அரை மி.மீ. அடியில் மெல்லிய காகிதம் வைத்தால் துணி சுருங்காது, பிறகு கிழித்துவிடலாம். காஜாவும் இதே நெருக்கத் தையல்தான்: குறுகலாக இரண்டு வரிசை, இரு முனையிலும் குறுக்கே கட்டு, நடுவில் வெட்டு.

பட்டன் வைக்க: துணியை நகர்த்தும் பல்லை இறக்கி, நீளத்தைப் பூஜ்யமாக்குங்கள். பட்டன் துளைகளின் இடைவெளியே அகலம். முதலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஊசி துணிக்கு மேலே இருக்கும்போதுதான் அகலத்தை மாற்ற வேண்டும். நேர்த்தையலுக்கான சிறுதுளைத் தகட்டையும் பாதத்தையும் கழற்றி, அகலத் துளை உள்ளவற்றை மாட்ட வேண்டும். இதை மறந்து ஓர் ஊசியை உடைத்த அனுபவம் எனக்கு உண்டு!

டி-ஷர்ட்டின் கழுத்து இப்போது அறுவதில்லை. அதன் மார்பில் மஞ்சள் துணியில் ஒரு மாம்பழமும் ஏறிவிட்டது. அது என் மனைவியின் கைவேலை.