சத்தம் போடாத பயிற்றுவிப்பாளர்

அமெரிக்க உதைபந்தாட்டம் என்று பெயர் இருந்தாலும், அதில் பந்து காலைவிடக் கையிலேயே அதிகம் இருக்கிறது. நீள்வட்டப் பந்தை ஏந்தி ஓர் அணி முன்னேற, மற்றைய அணி மோதித் தடுக்கும். நான்கு முயற்சிகளில் பத்து யார் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் தனித்தனியே திட்டம் வேண்டும். ஆகவே இவ்விளையாட்டில் பயிற்றுவிப்பாளரின் பொறுப்பு மிகப் பெரியது. வீரராக இருந்து அந்தப் பொறுப்புக்கு வந்தவர்களுள் என்னைக் கவர்ந்தவர் டோனி டன்ஜி.

1955 இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த டன்ஜியின் தாய், தந்தை இருவரும் ஆசிரியர்கள். மின்னெசோட்டா பல்கலைக்கழக அணியில் பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்காக அவர் விளையாடினார். அந்த இடத்தைக் கறுப்பின இளைஞர்களுக்குக் கொடுக்கத் தொழில்முறை அணிகள் தயங்கிய காலம் அது. 1977 இல் நடந்த வீரர் தெரிவில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. பின்னர் பிட்ஸ்பேர்க் ஸ்டீலர்ஸ் அணி அவரைத் தடுப்பாட்டத்துக்குச் சேர்த்தது. பழக்கமில்லாத இடத்தைப் புதிதாகக் கற்று, 1978 பருவத்தில் எதிரணி எறிந்த ஆறு பந்துகளை இடைமறித்தார். அப்பருவத்தில் அவரது அணியே சம்பியன். ஆனாலும் மூன்று பருவங்களுடன் அவரது விளையாட்டு வாழ்க்கை முடிந்தது.

1980 இல் உதவிப் பயிற்றுவிப்பாளரானார். 28 வயதிலேயே ஸ்டீலர்ஸின் தடுப்பாட்டப் பொறுப்பு முழுவதும் அவரிடம் வந்தது. எனினும் தலைமைப் பதவி 1996 இல்தான் கிடைத்தது. வீரர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். தலைமைப் பயிற்றுவிப்பாளர்களிலோ அவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தோல்விக்குப் பெயர்போன டம்பா பே அணியை அவர் ஆறு பருவங்களில் நான்கு முறை இறுதிச் சுற்றுகளுக்குக் கொண்டுசென்றார். அப்படியிருந்தும் நீக்கப்பட்டார். அடுத்த பருவமே அந்த அணி வேறொருவரின் கீழ் சம்பியனானது. டன்ஜி இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸ் அணியில் மீண்டும் தொடங்கினார். 2007 பெப்ரவரி 4 இல் சிக்காகோ அணியை 29–17 என வென்று, சுப்பர் போல் கிண்ணம் வென்ற முதலாவது கறுப்பினத் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். அன்று எதிரணியை வழிநடத்திய லவி ஸ்மித்தும் கறுப்பினத்தவரே. முன்பு டன்ஜியிடம் உதவியாளராக இருந்தவர்.

இத்தனைக்கும் டன்ஜி வீரர்களைக் கத்தி வெருட்டுபவரல்லர், ஏசுபவருமல்லர். ஒவ்வொருவரும் எங்கே நிற்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஆசிரியரைப் போல விளக்குவார். கற்பித்தது விளங்கிவிட்டால் கத்த வேண்டிய தேவை ஏது?

வீட்டிலும் வகுப்பறையிலும் உரத்த குரலையே கண்டிப்பு என்று பலர் எண்ணுகிறோம். ஸப்ர் என்றால் சும்மா இருப்பது என்றும் எண்ணுகிறோம். டன்ஜி காத்திருந்த 16 ஆண்டுகளும் வேலை செய்துகொண்டே காத்திருந்தார். அமைதியாகப் பேசும் பிள்ளைக்குத் தலைமை தாங்க வராது என்று முடிவுகட்டுவோர் இந்த மனிதரை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.