துத்தன்காமனின் எக்காளமும் குக்கர் வெயிட்டும்

எகிப்து மன்னன் துத்தன்காமனின் கல்லறையில் கிடைத்த எக்காளத்தை ஊதினால் போர் மூளும் என்ற தகவலை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது தூசு தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஆதாரம் இதுதான்: 1939 ஏப்ரலில் கெய்ரோ அருங்காட்சியகத்திலிருந்து பி.பி.சி. அதன் ஒலியை ஒலிபரப்பியது. செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர். போலந்துக்குப் படை அனுப்ப ஹிட்லர் வானொலியைத் திருகிக்கொண்டு காத்திருந்தார் என்று நம்ப விரும்புபவர்கள் நம்பட்டும்.

எனக்குச் சுவையாகப் பட்டது வேறு. அன்று ஊதிய ஜேம்ஸ் டாப்பர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ பேண்டுக்காரர், மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய அந்தக் குழாயில் தன் காலத்து மவுத்பீஸை, அதாவது உதடு பதியும் கிண்ணத்தை, செருகிக்கொண்டார். ஆக, நேயர்கள் கேட்டது பாதி எகிப்து, பாதி இங்கிலாந்து. ஒரு சின்னக் கிண்ணத்துக்கு அவ்வளவு செல்வாக்கா என்றால், ஆமாம்.

எக்காளமோ ட்ரம்பெட்டோ, அதற்குள் யாரும் இசையை ஊதுவதில்லை. ஊதுவது வெறும் காற்று. அதைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புவது உதடு. வாய்க்குள் அழுத்தம் ஏறினால் உதடு திறக்கிறது, கொஞ்சம் காற்று தப்புகிறது, உதடு மூடிக்கொள்கிறது. குக்கர் வெயிட் செய்வதும் இதைத்தான். இப்போது அந்த வெயிட்டுக்கு மேல் ஒன்றரை மீட்டர் பித்தளைக் குழாயைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம் (வீட்டில் வேண்டாம்). புஸ்ஸென்று கிளம்பிய அழுத்த அலை மறுகோடி வரை ஓடுகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி வெளியே போகாமல் திரும்பி வந்து வெயிட்டைத் தட்டுகிறது. போய்வர ஆகும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சரியான கணத்தில் தட்டினால் வெயிட் எழும்பும், தவறினால் அமுங்கிப்போகும். சற்று நேரத்தில் வெயிட்டுக்கென்று சொந்தத் தாளம் இல்லாமல் போய், குழாய் சொல்கிறபடி ஆட ஆரம்பித்துவிடும். பருப்புக்கு மூன்று விசில் என்ற கணக்கெல்லாம் அத்தோடு சரி. நொடிக்குச் சில நூறு. அந்த வெயிட்டுக்குத் தசையும் இருந்து, இறுகவும் இளகவும் தெரிந்திருந்தால், குழாய் அனுமதிக்கும் தாளங்களில் எது வேண்டும் என்று அதுவே பொறுக்கிக்கொள்ளும். கலைஞரின் உதடு செய்வது அதுதான்.

சரி, குழாய் எவற்றை அனுமதிக்கிறது? ஒரு முனை மூடிய நேர்க்குழாயில் ஒத்ததிர்வுகள் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை மடங்குகளில் வரும். உதடு பொத்திய முனையும் மூடிய முனைதான். ஆனால் ட்ரம்பெட்டில் 2, 3, 4, 5, 6 என்று ஒன்றும் விடாமல் கிடைக்கின்றன. இந்த மாயத்தில் பெரும்பங்கு குழாயின் விரிந்த வாயான பெல்லுக்கு. ஒலியை வெளியே கொட்டத்தான் அது விரிந்திருக்கிறது என்று நினைப்போம், பாதிதான் உண்மை. நீண்ட அலைகள் பெல் விரியத் தொடங்கும் இடத்திலேயே திரும்பிவிடுகின்றன. குட்டை அலைகள் விளிம்பை நெருங்கித்தான் திரும்புகின்றன. ஒரே குழாய், கீழ்ச் சுரத்துக்குக் குட்டை, மேல் சுரத்துக்கு நெட்டை! இதனால் கீழ் ஒத்ததிர்வுகள் மேலே ஏறுகின்றன. மேலே இருப்பவற்றை மவுத்பீஸின் கிண்ணமும் அதன் குறுகிய தொண்டையும் கீழே இழுக்கின்றன. இரண்டு இழுப்பில் எல்லாம் வரிசைக்கு வந்துவிடுகின்றன, முதலாவதைத் தவிர. அது 117 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது. 80-க்குச் சற்று மேலேயே முரண்டு பிடித்து நிற்கிறது. ஆனாலும் தேர்ந்த கலைஞர் அந்த 117-ஐ ஊதிவிடுகிறார். அங்கே ஒத்ததிர்வு இல்லாவிட்டாலும், அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளில் இருப்பவை கூடித் தாங்கிக்கொள்கின்றன. இப்படிப் பல ஒத்ததிர்வுகள் கைகோத்துத்தான் ஒரு சுரம் நிற்கிறது என்பதை அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் பெனேட் விளக்கினார்.

இவ்வளவும் காற்றின் வடிவத்தால் நடப்பவை. தங்கமுலாம் பூசினால் நாதம் இனிக்கும் என்று விற்பவர்கள், முலாமுக்கான விலையை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும்.

வரலாறும் சொல்லியாக வேண்டும். அழுத்தினால் குழாயின் நீளத்தைக் கூட்டும் வால்வு இல்லாத காலத்தில் ஒத்ததிர்வுகள் நெருக்கமாக இருக்கும் உச்சியில்தான் ராகம்போல எதையாவது ஊத முடியும். இசையமைப்பாளர் பாக் எழுதிய ட்ரம்பெட் பகுதிகள் அவ்வளவு உயரத்தில் திரிவது அதனால்தான். வியன்னாவில் அன்டன் வைடிங்கர் குழாயில் துளைபோட்டு மூடிகள் பொருத்திய ட்ரம்பெட்டை வாசித்தார்; அவருக்காக ஹைடன் 1796-ல் ஒரு கன்செர்ட்டோ எழுதினார். ஸ்டோல்ட்செல், ப்ளூமெல் என்ற இருவர் 1818-ல் பெர்லினில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1839-ல் பாரிஸில் பெரினே அதைச் செம்மையாக்கினார். போதும்.

வால்வு ஏன் மூன்று? 2-க்கும் 3-க்கும் உள்ள இடைவெளி நம் ச–ப. நடுவே விடுபடுவன ஆறு சுரஸ்தானங்கள். நடு வால்வு ஓர் அரைச்சுரம் இறக்கும், முதலாவது இரண்டு, மூன்றாவது மூன்று. கூட்டினால் ஆறு. கணக்கு கச்சிதம், ஆனால் குழாய் அதற்குக் கட்டுப்படாது. ஒவ்வொரு வால்வும் சேர்க்கும் குழாய், மற்ற வால்வுகளை அழுத்தாத நிலைக்கு அளந்தது. ஏற்கெனவே நீண்டுவிட்ட குழாயில் அதே துண்டைச் சேர்த்தால் போதாது. மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது சுமார் 6 செ.மீ. குறைகிறது, சுருதி ஏறிவிடுகிறது. அதனால் மூன்றாம் வால்வின் குழாயில் ஒரு வளையம் வைத்து, அதில் இடக்கை மோதிர விரலை மாட்டி, அந்தக் குழாயை வாசிக்கும்போதே வெளியே தள்ளுகிறார்கள்.