யாழ்ப்பாணத்தில் விழுந்த மேஜர் பரமேஸ்வரன்: நமக்கு ஏன் இவரைத் தெரியவில்லை?

பரம்வீர் சக்ரா வாங்கியவர்களில் ஒரு தமிழ்ப் பெயர் சொல்லுங்க என்றால், பலரும் கொஞ்சம் யோசிப்போம். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழர். டிகிரி முடித்து, சென்னையில் பயிற்சி பெற்று, 1972-ல் மஹார் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார். வீரர்கள் இவரை 'பரி சாஹிப்' என்றுதான் கூப்பிடுவார்களாம்.

அந்த இரவு என்ன நடந்தது?

1987 நவம்பர் 25. யாழ்ப்பாணம் அருகே கந்தரோடைப் பகுதியில் தேடுதலை முடித்துக்கொண்டு இவரது குழு திரும்பிக்கொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டிய நேரம், பதுங்கியிருந்த விடுதலைப் புலிகள் சுட ஆரம்பித்தார்கள். பரமேஸ்வரன் பின்வாங்கவில்லை. சிலரைக் கூட்டிக்கொண்டு சுற்றி வளைத்து, பின்பக்கமாகப் பாய்ந்தார். கைகலப்பில் அவர் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுட்டார். உயிர் போகும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. வயது 41.

தமிழர் எதிரே தமிழர். இந்த இடத்தில்தான் நம் நினைவு தடுமாறுகிறது.

1987 ஜூலை 29 ஒப்பந்தப்படி அமைதி காக்கப் போன படை, அக்டோபரிலேயே புலிகளோடு போரில் இறங்கிவிட்டது. அந்த மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டார்கள். அதை அங்கே யாரும் மறக்கவில்லை. மறக்கச் சொல்வதும் நியாயமில்லை. 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த அரசியல் முடிவைச் சரி என்றும் வாதிடலாம், தப்பு என்றும் வாதிடலாம். ஆனால் அங்கே இறந்த சுமார் 1,200 பேரில் யாரும் அந்தப் போரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. அனுப்பினார்கள், போனார்கள்.

முழுநேர ராணுவக்காரங்க கதைதானே இது என்று சேலம், நாமக்கல் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே இதைப் படிப்பவர்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. வேறு தொழிலில் இருப்பவர்களும் சேரக்கூடிய ரிசர்வ் படை ஒன்று இருக்கிறது: 1949-ல் தொடங்கிய டெரிட்டோரியல் ஆர்மி. தோனிக்குக் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்ததே, அந்தப் படைதான். நமக்குப் பக்கத்தில், கோவையில் அதன் 110-வது பட்டாலியன் இருக்கிறது. டெரிட்டோரியல் ஆர்மியினரும் இலங்கை நடவடிக்கையில் பங்கெடுத்தவர்களே. ஆபீஸ் ஐடி கார்டு ஒரு பாக்கெட்டில் இருந்தாலும், கூப்பிட்டால் போகத்தான் வேண்டும்.

பரமேஸ்வரனுக்கான மரியாதைகள் வராமல் இல்லை. 1988 குடியரசு தினத்தில் பரம்வீர் சக்ரா. 2023 ஜனவரியில் அந்த விருது பெற்ற 21 பேரின் பெயர்களை அந்தமான் தீவுகளுக்குச் சூட்டியபோது இவர் பெயரிலும் ஒரு தீவு. கொழும்பை ஒட்டி, இலங்கை நாடாளுமன்றத்துக்கு அருகில், இறந்த இந்திய வீரர்களுக்கு நினைவிடம் கட்டியிருக்கிறது இலங்கை அரசு. 2025 ஏப்ரலில் பிரதமர் மோடி அங்கே மலர்வளையம் வைத்தார். எந்த நாட்டு மண்ணில் இறந்தார்களோ, அந்த நாடே கல் நட்டிருக்கிறது!

சென்னையில்? சாலிகிராமத்தில் ராணுவக் குடும்பங்களுக்காகக் கட்டிய குடியிருப்புக்கு 'பரமேஸ்வரன் விஹார்' என்று பெயர். ஆற்காடு சாலையில் தினமும் போய் வருபவர்களில் பலருக்கு அது டெலிவரி ஆப்பில் வரும் ஒரு லொக்கேஷன், அவ்வளவுதான்.