நெம்புகோல் துப்பாக்கி

நெம்புகோல் துப்பாக்கி என்பது, விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துடன் இணைந்த ஒரு நெம்புகோலைக் கீழ்நோக்கித் தள்ளி மீண்டும் மேலே இழுப்பதன் மூலம் வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி, அடுத்த தோட்டாவைக் குழலில் ஏற்றும் நெடுந்துப்பாக்கி ஆகும். இது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் உருவானது. அலாஸ்கா, கனடா போன்ற பகுதிகளில் கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ள எடுத்துச் செல்லப்படும் துப்பாக்கிகளுள் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் கரடிகள் வாழும் ஜவ்வாது மலையில், குறிப்பாக ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில், பேசப்படும் துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்தது அன்று. அது வாய்வழியாக மருந்து இடிக்கப்படும் நாட்டுத் துப்பாக்கி ஆகும். இரண்டும் தோற்றத்திலும் இயக்கத்திலும் சட்ட நிலையிலும் வேறுபட்டவை.

அடையாளம் காணுதல்

நெம்புகோல் துப்பாக்கியை அறிய முதலில் பார்க்க வேண்டியது விசைக்குக் கீழுள்ள பகுதியை ஆகும். பிற துப்பாக்கிகளில் விசைக்காப்பு ஒரு சிறு வளையம் மட்டுமே. இதிலோ அவ்வளையத்தின் பின்புறம், மூன்று அல்லது நான்கு விரல்கள் நுழையும் அளவுக்கு மற்றொரு நீள்வளையம் தொடர்கிறது. அதுவே நெம்புகோல். தமிழ் வாசகர்களுக்கு இவ்வடிவம் புதியதன்று. லயன் காமிக்ஸ் வெளியிடும் டெக்ஸ் வில்லர் கதைகளில் நாயகன் ஏந்தி வருவதும், கர்ணன் இயக்கிய கங்கா (1972) போன்ற குதிரைவீரர் படங்கள் நினைவூட்டுவதும் இந்த வளையத்தையே.

இரண்டாவது அடையாளம் குழலுக்கு அடியில் அதற்கு இணையாகச் செல்லும் இன்னொரு மெல்லிய குழாய். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இதில் அடுக்கப்படுகின்றன. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு இது இரட்டைக்குழல் துப்பாக்கி போலத் தோன்றலாம். ஆனால் கீழ்க்குழாயின் முனை மூடியிருக்கும். மூன்றாவது, பொறிப்பெட்டியின் வலப்பக்கத்தில் காணப்படும் சிறிய நீள்வட்டக் கதவு. தோட்டாக்களைக் குழாயினுள் செலுத்துவது இதன் வழியாகவே. நான்காவது, பின்புறம் வெளியே தெரியும் சுத்தியல். இதனைப் பேச்சு வழக்கில் குதிரை என்பர். 1899 ஆம் ஆண்டின் சாவேஜ் மாதிரியில் வெளிச்சுத்தியல் கிடையாது என்பதால் நான்காவது அடையாளத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வருதல் கூடாது.

குழாயில் ஒரு தோட்டாவின் முனை, முன்னுள்ள தோட்டாவின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டாக இருந்தால், அதிர்ச்சியில் அது முன்னுள்ள தோட்டாவின் எரியூட்டியைக் குத்தி வெடிக்கச் செய்யக்கூடும். எனவே இவற்றிற்குத் தட்டை முனைக் குண்டுகளே வழக்கமாகப் பயன்படுகின்றன. ஒரு தோட்டாவைக் கையில் வாங்கிப் பார்த்தே அது எவ்வகைத் துப்பாக்கிக்கு உரியது என அனுபவமுடையோர் ஊகிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மயக்கம் தரும் பிற வகைகள்

இந்தியாவில் அதிகம் மயக்கம் தரக்கூடியது மார்ட்டினி-ஹென்றி ஆகும். 1871 இல் பிரித்தானியப் படையில் ஏற்கப்பட்ட இதிலும் விசைக்குப் பின்னால் நெம்புகோல் உண்டு. ஆயினும் இது ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் கொள்ளும், அடிக்குழாய் இல்லை, வெளிச்சுத்தியலும் இல்லை. நெம்புகோல் இருப்பதனாலேயே ஒன்றை வின்செஸ்டர் எனக் கூறிவிட முடியாது என்பதற்கு இதுவே சிறந்த எடுத்துக்காட்டு. நடுவில் மடங்கித் திறக்கும் வேட்டைத் துப்பாக்கிகளின் திறப்பான் பெரும்பாலும் மேற்புறத்தில், பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் அமைந்திருக்கும். சில காற்றுத் துப்பாக்கிகளில் குழலுக்கு அடியில் நீண்ட நெம்புகோல் உண்டு. அது காற்றை அழுத்துவதற்கானது, தோட்டா ஏற்றுவதற்கானது அன்று. இந்தியப் படைக்கலத் தொழிற்சாலையின் .315 விளையாட்டுத் துப்பாக்கியில் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தாழ்ப்பாள் கைப்பிடியைக் கண்டதும் அது வேறு வகை என்பது விளங்கிவிடும்.

மாதிரிகள்

பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860 இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கியே வெற்றிகண்ட முதல் வடிவங்களுள் முதன்மையானது. அதன் குழாயில் முன்புறமாகவே தோட்டா இட வேண்டியிருந்தது. பக்கக் கதவு 1866 ஆம் ஆண்டு வின்செஸ்டரில் வந்தது. 1873, 1886, 1892, 1894 ஆகிய மாதிரிகள் தொடர்ந்தன. இவற்றுள் கடைசி மூன்றும் ஜான் பிரௌனிங் வடிவமைத்தவை. 1894 மாதிரி எழுபது இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. மார்லின் நிறுவனத் துப்பாக்கிகளில் பொறிப்பெட்டியின் மேற்பகுதி தட்டையாக மூடியிருக்கும். வெற்றுத் தோட்டா பக்கவாட்டில் தெறிக்கும். பழைய வின்செஸ்டர்களில் அது மேல்நோக்கித் தெறிக்கும். இரண்டு நிறுவனங்களையும் பிரித்தறிய இவ்வொரு வேறுபாடே பெரும்பாலும் போதும்.

1895 ஆம் ஆண்டு வின்செஸ்டர் ஒரு விதிவிலக்கு. இதில் அடிக்குழாய் இல்லை. விசைக்கு முன்னால் பெட்டி வடிவத் தோட்டா அறை உள்ளது. எனவே கூர்முனைக் குண்டுகளையும் ஆற்றல் மிகுந்த தோட்டாக்களையும் இது ஏற்றது. 1904 இல் இதற்கென .405 தோட்டா அறிமுகமானது. தென்னிந்தியாவுடன் நெருங்கிய தொடர்புடைய நெம்புகோல் துப்பாக்கி இதுவே ஆகும். பெங்களூரில் வாழ்ந்த வேட்டையாளரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெரிதும் பயன்படுத்தியது .405 வின்செஸ்டர் ஆகும். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜவளகிரிக் காடுகள் அவர் எழுத்தில் இடம்பெற்றவை. மைசூர் மாநிலத்தில் அரசிகெரே அருகே பலரைக் கொன்ற ஒரு கரடியை அவர் சுட்டுக் கொன்றது பற்றியும் எழுதியுள்ளார்.

கரடிக்கு எதிரான பயன்பாடு

வட அமெரிக்காவில் பழுப்புக் கரடி வாழும் இடங்களில் 45-70 போன்ற பெரிய தோட்டா ஏற்கும் குட்டைக்குழல் நெம்புகோல் துப்பாக்கிகள் விரும்பப்படுகின்றன. எடுத்துச் செல்ல எளிது. தோளிலிருந்து இறக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றலாம். எனினும் அங்கும் மிளகாய்க் காரச் சாறு பீய்ச்சும் தெளிப்பான் பரிந்துரைக்கப்படுகிறது. பதற்றத்தில் ஓடிவரும் விலங்கைக் குறிபார்த்துச் சுடுவது தேர்ந்தவர்க்கும் கடினம்.

ஜவ்வாது மலையில் உள்ளது பழுப்புக் கரடி அன்று, தேன்கரடி. கறையான், தேன், பழங்கள் ஆகியன இதன் முதன்மை உணவு. பலா பழுக்கும் காலத்தில் இது தோப்புகளை நாடுகிறது. இதன் பார்வையும் செவிப்புலனும் கூர்மையானவை அல்ல. ஆகையால் மனிதர் மிக அருகில் வரும்வரை அறியாதிருந்து, திடீரென அஞ்சித் தாக்குகிறது. நீண்ட நகங்களால் முகத்திலும் தலையிலும் ஏற்படுத்தும் காயங்கள் கொடியவை. தாக்குதல் தொடங்குவதற்கும் கரடி மேலே விழுவதற்கும் இடையே உள்ள நேரம் சில நொடிகளே.

ஜவ்வாது மலையின் நாட்டுத் துப்பாக்கி

ஜவ்வாது மலையில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர் (இவர்கள் கேரளத்தவர் அல்லர்). சாமை, பலா, புளி, தேன் ஆகியவை இவர்களின் வாழ்வாதாரங்கள். பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கவும் வேட்டைக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிகள் இம்மலையில் வைக்கப்பட்டு வந்துள்ளன. உரிமம் இல்லாதவற்றை ஒப்படைக்குமாறு காவல்துறை பலமுறை கேட்டுக்கொண்டதும், மக்கள் ஒப்படைத்ததும் உண்டு.

இதனை அடையாளம் காண்பது எளிது. நெம்புகோலோ அடிக்குழாயோ தோட்டாக் கதவோ இராது. குழலின் அடியில் செருகப்பட்ட ஒரு நீண்ட இரும்புக் கம்பி இருக்கும். அக்கம்பியால் கரிமருந்தையும், துணி அல்லது தேங்காய் நாரையும், ஈயக் குண்டு அல்லது பால்ரஸ் எனப்படும் எஃகுக் குண்டுகளையும் குழலின் வாய் வழியே இடிப்பர். பின்புறக் காம்பில் கேப்பு பொருத்திச் சுத்தியலை விடுவித்தால் வெடிக்கும். ஒருமுறை சுட்டபின் இத்தனையும் மீண்டும் செய்தாக வேண்டும். கரடி அவ்வளவு நேரம் தருவதில்லை! மழையில் மருந்து நமுத்துப் போவதும், தரமற்ற குழல் வெடித்துச் சுட்டவரின் கையையும் கண்ணையும் பறிப்பதும் கூடுதல் ஆபத்துகள். சிறு குண்டுகளால் காயமுற்ற கரடி, காயமுறாத கரடியினும் ஆபத்தானது. ஆகவே இத்துப்பாக்கியைக் கரடித் தற்காப்புக் கருவி எனக் கருத இடமில்லை. கூட்டமாகச் செல்லுதல், பேசிக்கொண்டோ தடியால் தட்டிக்கொண்டோ நடத்தல், விடியலிலும் அந்தியிலும் புதர்வழிகளைத் தவிர்த்தல் ஆகியவையே பயன் தருவன. தாக்குதல் தவிர்க்க இயலாதபோது குப்புறப் படுத்துக் கைகளால் பிடரியை மூடிக்கொள்ளுமாறு வல்லுநர்கள் அறிவுறுத்துகின்றனர்.

சட்ட நிலை

1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இருவகைத் துப்பாக்கிகளுக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்குகிறது. நாட்டுத் துப்பாக்கி பழமையானது என்பதால் விலக்கு உண்டு என்ற எண்ணம் தவறானது. அதே வேளையில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கென வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவது பற்றி இச்சட்டத்தின் 13 ஆம் பிரிவு வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. மலைவாழ் உழவர் பலர் அறியாத பிரிவு இது. உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்போருக்கு, 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குறைந்தது 7 ஆண்டுகளும் அதிக அளவாக வாழ்நாளும் சிறை விதிக்கப்படலாம்.

தேன்கரடி 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. இச்சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி, தன்னுயிரையோ பிறருயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் ஒரு விலங்கைக் கொல்வது குற்றம் ஆகாது. ஆனால் அவ்வாறு கொன்றவர் அவ்வேளையில் இச்சட்டத்தை மீறிய செயலில் ஈடுபட்டிருந்தால் இப்பாதுகாப்பு கிட்டாது. வேட்டைக்குச் சென்ற இடத்தில் கரடியைச் சுட்டவர் தற்காப்பு எனக் கூறித் தப்ப முடியாமற் போவது இதனால்தான். தற்காப்பில் கொல்லப்பட்ட விலங்கின் உடல் அரசுக்கு உரியது; அதன் நகத்தையோ பல்லையோ எடுத்து வைத்துக்கொள்வது தனிக் குற்றமாகும்.

பழைய வீடுகளின் பரணிலோ கூரையிலோ இத்தகைய துப்பாக்கி கிடைத்தால், அது மருந்திட்ட நிலையில் உள்ளதா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. நெம்புகோல் துப்பாக்கியில் நெம்புகோலைத் திறந்ததும் தோட்டா அறை கண்ணுக்குப் புலப்படும்; நாட்டுத் துப்பாக்கியில் அவ்வசதி இல்லை. பல ஆண்டுகள் கிடந்த கரிமருந்தும் ஈரமின்றி இருந்தால் எரியும். எனவே அதன் சுத்தியலை இழுத்துப் பார்க்காமலும் குழலை எவர் பக்கமும் திருப்பாமலும், இருந்த இடத்திலேயே விட்டு அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.