ஓடுமுன் உண்பது எப்போது?

விடியற்காலை ஐந்தரை மணிக்கு டில்லி லோதி தோட்டத்திலும், பெங்களூரு கப்பன் பூங்காவிலும், மும்பை சிவாஜி பூங்காவிலும் நடப்போரில் பலர் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். மாலையில் அலுவலகம் முடிந்து உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்வோரின் நிலை வேறு. மதியம் ஒரு மணிக்கு உண்டபின், ஐந்து மணிக்கு ஒரு சமோசா. ஆறு மணிக்குப் பளு தூக்குதல். எதை உண்பது என்பதைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். எப்போது உண்பது என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

நாம் உண்ணும் மாவுச்சத்து ‘கிளைக்கோஜன்’ என்னும் வடிவில் உடலில் இரண்டு இடங்களில் சேமிக்கப்படுகிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். வங்கி வாடிக்கையாளர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். கல்லீரலின் இருப்பு சேமிப்புக் கணக்கைப் போன்றது. இரத்தத்தின் வழியே மூளை உள்ளிட்ட எந்த உறுப்புக்கும் அதிலிருந்து வழங்கலாம். தசையின் இருப்போ பிறர் பெயருக்கு மாற்ற இயலாத வைப்புத் தொகை. அதை அந்தத் தசை மட்டுமே செலவிட முடியும். நாம் உறங்கும்போதும் மூளை உழைக்கிறது. அதற்குரிய சர்க்கரையை இரவு முழுதும் கல்லீரலே தருகிறது. எனவே காலையில் கல்லீரலின் இருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். தசையின் இருப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். நலமுள்ள ஒருவர் அரை மணி நேரம் நிதானமாக நடப்பதற்கு வெறும் வயிறு தடையாக இராதது இதனால்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவோருக்கு அது போதாது.

தசையின் இருப்பு முந்தைய நாட்களின் உணவால் அமைவது என்பதை 1966ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் பெர்க்ஸ்ட்ராம், ஹுல்ட்மன் இருவரும் தங்கள் கால்களைக் கொண்டே காட்டினர். ஒரே சைக்கிளின் இரு புறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தனர். பின்னர் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, தொடைத் தசையில் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தனர். உழைத்த காலில் சேர்ந்திருந்த கிளைக்கோஜன், ஓய்ந்திருந்த காலில் இருந்ததைப் போல் சுமார் இரு மடங்கு!

இனி, மணிக்கணக்கு. முழுச் சாப்பாட்டுக்கும் கடும் பயிற்சிக்கும் இடையே மூன்று முதல் நான்கு மணி நேரம் வேண்டும். இரண்டு மூன்று இட்லி, சிறிதளவு அவல் உப்புமா போன்ற சிற்றுண்டிக்கு இரண்டு மணி நேரம் போதும். ஒரு வாழைப்பழத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி வரை. பயிற்சியின்போது இரத்தம் தசைகளை நோக்கித் திரும்புவதால் இரைப்பைக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. எண்ணெயும் நார்ச்சத்தும் இரைப்பையில் நெடுநேரம் தங்குபவை. ஐந்து மணிச் சமோசா ஆறு மணிக்கு ஆற்றலைத் தராமல் நெஞ்செரிச்சலையே தரக்கூடும். சுண்டல் நல்ல உணவே எனினும் அந்த நேரத்துக்கு உரியதன்று. இனிப்புப் பானத்தைப் பயிற்சிக்கு முக்கால் மணி முன்பு அருந்தினால், சுரக்கும் இன்சுலினும் உழைக்கும் தசையும் சேர்ந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ள, சிலருக்குத் தொடக்கத்திலேயே தளர்ச்சி தோன்றும்.

மும்பை மாரத்தான் வழக்கமாக ஜனவரி மாதத்தில் நடைபெறுகிறது. 42.195 கிலோமீட்டர் ஓடுவோர் பொழுது புலருமுன்பே புறப்படவேண்டும். மூன்று மணி நேரக் கணக்கை அப்படியே பின்பற்றினால் நள்ளிரவு கடந்ததும் எழுந்து உண்ணவேண்டியிருக்கும், உறக்கம் கெடும். ஆகவே முந்தைய இரவு எட்டு மணிக்குள் சோறோ சப்பாத்தியோ நிறைவாக உண்டு, எழுந்தவுடன் வாழைப்பழமோ பழப்பாகு தடவிய ரொட்டித் துண்டோ எடுத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. பந்தய நாளன்று புதிய உணவு எதையும் சோதித்துப் பார்க்கவேண்டாம்.

உணவுக்குப் பிந்தைய நடைக்கும் தனிப் பயன் உண்டு. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோரிடம் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்பும் 10 நிமிடம் நடப்பது சர்க்கரையை நன்கு குறைத்தது.

நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கும் மேல். இவர்களுக்கு உணவு நேரம் என்பது ஊக்கத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று, பாதுகாப்பைப் பற்றியது. இன்சுலின் போடுவோரும், கிளைமெபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரைகளை உண்போரும் மருந்தை எடுத்துக்கொண்டு உண்ணாமல் நடக்கச் சென்றால் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். மெட்பார்மின் மட்டும் உண்போருக்கு இந்த அச்சம் மிகக் குறைவு. வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை சர்க்கரைத் தாழ்வின் அறிகுறிகள். நடப்பவருக்கோ வியர்வையும் படபடப்பும் இயல்பாகவே தோன்றுவதால் எச்சரிக்கை கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. புறப்படுமுன் கருவியில் சோதித்து, அளவு 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் ஏதேனும் உண்ட பிறகே கிளம்பவேண்டும். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு. நாமே அதைச் செய்யலாகாது. வழியில் தளர்ச்சி தோன்றினால் உடனே நின்று, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். அதற்காகச் சட்டைப்பையில் ஒரு சிறு சர்க்கரைப் பொட்டலமும், நோயையும் மருந்தையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதிய அட்டையும் எப்போதும் இருக்கட்டும்.