விட்டுக்கொடுக்கும் இயந்திரக் கை

பக்கவாதம் கண்ட ஒருவரை இல்லத்தில் வைத்துப் பராமரித்த குடும்பத்தினர் இதனை நன்கறிவர். நோயாளி எழுந்து உட்காருவார், பேச்சும் திரும்பும். கை மட்டும் மடிமேல் கிடக்கும். நாள்தோறும் அதனைத் தூக்கி, நீட்டி, மடக்கிவிட ஒருவர் வேண்டும். அதுவும் ஒருமுறை இருமுறையன்று, நூற்றுக்கணக்கான முறை. உதவுபவரும் களைத்துப் போவார். இப்பணியில் இயந்திரத்தைத் துணைக்கு அழைக்கலாகாதா என்று எண்ணியவருள் ஒருவர் பேராசிரியர் நெவில் ஹோகன்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் பொறியியல் பயின்ற இவர், அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1977-இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரானார். கையிழந்தோரின் எஞ்சிய தசைகளில் எழும் மின்குறிகளைக் கொண்டு செயற்கைக் கையை இயக்குவது பற்றியதே அவருடைய தொடக்ககால ஆராய்ச்சி.

அக்காலத் தொழிற்சாலை இயந்திரக் கைகள் பிடிவாதக்காரை. குறித்த இடத்திற்குச் செல்லென்றால் செல்லும். குறுக்கே நிற்பது தூணா மனிதனா என்று பாரா. ஆகவே வேலியடைத்து மனிதரை எட்ட நிறுத்தினர். நம் கையோ அத்தகையதன்று. கதவைத் திறக்கையில், கதவு சுழலும் வழியே கையும் இணங்கிச் செல்கிறது. குடத்தைத் தூக்கும்போது இறுகுகிறது; குழந்தையின் விரலைப் பற்றும்போது தளர்கிறது. ஹோகன் இதனைக் கணிதமாக்கினார். இயந்திரம் எங்கே நிற்கவேண்டும், எவ்வளவு விசை தரவேண்டும் என்பவற்றைத் தனித்தனியே கட்டுப்படுத்தினால் போதாது. பிறர் தள்ளும்போது அது எவ்வளவு விட்டுக்கொடுக்கவேண்டும் என்ற உறவையே ஆளவேண்டும் என்றார். 1985-இல் மூன்று பகுதிகளாக வெளிவந்த அக்கட்டுரையின் பொருள் ‘இம்பீடன்ஸ் கண்ட்ரோல்’. பெயர் நம்மை மிரட்டுகிறது. வண்டியின் வில்லை நினைத்துக்கொள்வோம். அதன் விறைப்பை வேண்டும்போது கூட்டவும் குறைக்கவும் முடிந்தால் எப்படியோ, அப்படி.

பின்னர் ஹெர்மானோ கிரெப்ஸ் முதலியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கருவிக்கு ‘எம்.ஐ.டி.-மானுஸ்’ என்று பெயர். மானுஸ் என்றால் இலத்தீனில் கை. ‘மனமும் கையும்’ என்பது அக்கழகத்தின் இலத்தீன் விருதுவாக்கு. நோயாளி மேசைமுன் அமர்ந்து, முன்கையைக் கருவியில் பொருத்திக்கொள்கிறார். திரையில் தோன்றும் புள்ளியை நோக்கிக் கையை நகர்த்தவேண்டும். அவரால் இயலாதபோது கருவி மெல்ல அழைத்துச் செல்கிறது; அவரே முயலத் தொடங்கினால் தன் உதவியைக் குறைத்துக்கொள்கிறது. நம் பிள்ளைகளுக்கு மிதிவண்டி பழக்குகையில் நாமும் இதைத்தானே செய்கிறோம்!

1994-இல் நியூயார்க் மாநிலத்து பர்க் மறுவாழ்வு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு இது பயன்படலாயிற்று. 20 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1997-இல் வெளிவந்தது. தோளும் முழங்கையும் கூடுதலாகத் தேறின. ஆனால் பெரிய சோதனைகள் அத்துணை இனிப்பான செய்தி தரவில்லை. 2010-இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் கண்டு ஆறு மாதங்களுக்கு மேலான 127 பேர் பங்குபெற்றனர். பன்னிரண்டு வாரப் பயிற்சி முடிந்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட இயந்திரம் குறிப்பிடத்தக்க மேன்மை காட்டவில்லை. முப்பத்தாறாம் வாரத்தில் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. எனினும், அதே வேகத்தில் மனிதப் பயிற்சியாளர் கைகொடுத்த குழுவினரை அது விஞ்சவில்லை. பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்விலும், வழக்கமான சிகிச்சையைக் காட்டிலும் கையின் செயல்திறன் கூடவில்லை.

இயந்திரத்தைக் குறைகூற நாம் இதனைச் சொல்லவில்லை. அதே வேகத்தில் சலியாது கைகொடுக்கும் பயிற்சியாளர் எத்தனை வீடுகளுக்குக் கிடைப்பார்?